சட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம்?

யுத்த காலத்தில் மட்டக்களப்பில் அரச உத்தியோகத்தர்களுக்காகச் சனி, ஞாயிறுகளில் பொது நிர்வாகப் பட்ட வகுப்பு நடந்தது. நான் சமூகவியல் படிப்பித்தேன். சட்டத்தரணியான என் நண்பர் சட்டம் படிப்பித்தார். நேரசூசியே அவருடையது என்று சொன்னாலும் பிழையில்லை. காலை முழுக்கச் சட்டம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண்ணயரும் நேரத்தில் சமூகவியல்.

"சட்டம் தெரியாதவன் கதிரையில இருந்தா நாடு என்னத்துக்கு ஆகும் மச்சான்?" என்பார்.

"சனத்தைத் தெரியாதவன் இருந்தா?" என்பேன்.

நேரசூசிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இந்தக் கச்சேரிதான். தேத்தண்ணீர் ஆறிப்போகும், ஒரு மணித்தியாலமும் கைமாறாது.

எங்கள் மாணவி ஒருத்தி நிவாரணக் களஞ்சியத்தில் உதவி அதிகாரியாக இருந்தாள். ஒருநாள் வீதியை மூடிவிட்டார்கள். அவளுடைய மேலதிகாரியால் வரமுடியவில்லை. அரிசி மூட்டைகள் வாவிக்கு இக்கரையில், இடம்பெயர்ந்த சனம் அக்கரையில். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அது பின்னேரத்தோடு நின்றுவிடும். அவள் மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திராமல் தன் கையெழுத்தை வைத்து அரிசியை ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அடுத்த கிழமையே விசாரணை வைத்தார்கள். வேலை போய்விடும் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. அவள் வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான்.

நண்பர் அவளுக்காக விசாரணைக்குப் போனார். மேலதிகாரி இல்லாத அவசரத்தில் அடுத்த நிலையில் உள்ளவர் முடிவெடுக்கலாம் என்ற விதியை எடுத்துக் காட்டினார். வேலை தப்பியது. அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் வாயைத் திறந்ததும் அந்த ஆசை போய்விட்டது.

"பாத்தியா மச்சான்? சட்டம்தான் காப்பாத்தினது."

"சனத்தை நினைச்சுத்தானே அரிசிய அனுப்பினவள்? அது என்ட பாடம்."

சனிக்கிழமை வகுப்பு வாசலில் அவளையே மறித்துக் கேட்டோம். "சொல்லுங்க பிள்ள, மூட்டைய ஏத்தக்க எந்தப் பாடத்த நினைச்சீங்க?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதை போகப்போகுதெண்டு நினைச்சன் சேர். அக்கரையில பிள்ளைகள் முதல்நாளும் சாப்பிடல்ல. அது எந்தப் பாடத்தில வரும்?"

இருவரும் ஒரே நேரத்தில் "என்ட பாடம்" என்று சொல்ல வாயெடுத்தோம். அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டு வாயும் தானாக மூடிக்கொண்டன.