இடப்பக்கக் காறை எலும்பு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலும்புக்காரி என்று பேர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள். வேலையில் குறை சொன்னால்தான் போச்சு, பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடந்தவள் படமெடுத்துவிடுவாள். மண்ணிலிருந்து வரும் பழங்கால எலும்புகளைத் துடைத்து, ஆணா பெண்ணா, என்ன வயசு என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெட்டியில் அடுக்குகிறவள் அவள். வீட்டு அலமாரி மட்டும் குப்பையாய்க் கிடக்கும், அது வேறு கதை.

அன்றைக்குக் குறை சொன்னவர் இயக்குநர். ஒரு பெண்ணின் பெட்டியில் குழந்தையின் காறை எலும்பு ஒன்று கிடந்தது. கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடுமே, அதுதான். பக்கத்துக் குழியில் கிடைத்த குழந்தையின் பெட்டியைத் திறந்து பார்த்தால், இடப்பக்கக் காறை எலும்பைக் காணோம்.

"கழுவும்போது கலந்துட்டீங்க. தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டு எலும்பு அறைச் சாவியை வச்சுட்டுப் போங்க."

"நான் கலக்கல சார்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க!"

வீட்டுக்கு வந்து சொன்னால், பஸ் ஓட்டுகிற புருஷன் கொட்டாவி விட்டான். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களா வந்து உனக்குச் சாட்சி சொல்லப் போறாங்க?"

"சொல்ல வைக்கிறேனா இல்லையா, பாருங்க!"

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளே பயம்தான். அந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது? படுத்துப் புரண்டவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் வலது கை தனியாக ஒரு மண்கட்டியாகத்தான் வந்திருந்தது. அதிலிருந்து சேறு அப்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு எலும்பை, விலா எலும்பின் துண்டு என்று நினைத்து உருவிக் கழுவப் போட்டிருந்தாள். அதுதான் இந்தக் காறை எலும்போ? மிச்சக் கட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

காலையில் இயக்குநரைக் கையோடு கூட்டிவந்து, அவர் கண் முன்னாலேயே மூங்கில் குச்சியால் கட்டியைச் சுரண்டினாள். ஒவ்வொன்றாய் விரல் எலும்புகள் தெரிந்தன, எல்லாம் உள்ளே மடங்கியிருந்தன. அவற்றின் நடுவே மண்ணில் ஒரு வளைந்த பள்ளம். காறை எலும்பை அதில் வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

"இப்ப இதையும் பாருங்க." குழந்தையின் வலப்பக்கக் காறை எலும்பை அருகில் வைத்தாள். அது சொரசொரவென்றிருந்தது. இதுவோ பல வருஷம் புழங்கிய கரண்டிக் காம்பு மாதிரி வழவழத்தது.

இயக்குநர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! குழந்தையோட குழியை ஒரு தரம் மூடிட்டு அந்தக் காலத்துலேயே மறுபடி தோண்டியிருக்காங்கன்னு நான்தானே சொன்னேன். எதுக்குன்னு புரியாம இருந்தேன். அப்போ இவ அம்மாவா?"

"அம்மாவோ அத்தையோ, எலும்பு அதைச் சொல்லாது சார். தோண்டி, இதை மட்டும் எடுத்து, சாகுற வரைக்கும் கையிலேயே வச்சிருந்திருக்கா." அழுதுவிட்டாள், வெட்கப்படவும் இல்லை.

அவர் இரண்டு எலும்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க கலக்கல, ஒத்துக்கறேன். ஆனா குழந்தையோட எலும்பு குழந்தை பெட்டிக்குத்தானே போகணும்? அதுதானே முறை?"

"புதைச்சவங்களே இவ கையிலேருந்து பிடுங்கல. நான் பிடுங்குவேனா?" என்றவள், எலும்போடு அந்தக் கட்டியை அப்படியே அந்தப் பெண்ணின் பெட்டியில் வைத்து மூடினாள்.