பாஸான கிணற்றுத் தண்ணீர்

எந்த நிகழ்ச்சியையும் நாள் தேடிப் பிடிக்காமல் எழுத எனக்கு வராது. இதற்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை. தெஹியோவிட்ட கடைத்தெருவில் வெசாக் பண்டிகைக்குக் கட்டிய காகிதக் கூடுகள் மழையில் கரைந்து, ஈர்க்குச் சட்டம் மட்டும் மிஞ்சித் தொங்கியது நினைவிருக்கிறது. ஆகவே பருவமழை தொடங்கிய சமயமாக இருக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். தம்பிக்கு மறுபடியும் வயிற்றோட்டம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறு. றப்பர் பெக்டரியின் கழிவுநீர்க் கான் அதற்குச் சற்று மேலே ஓடியது. புளித்த நாற்றத்தோடு வெளுப்பாக வரும் அந்த நீரை மறித்துத்தான் அப்பா வீட்டுக்குப் பின்னால் மிளகாயும் கங்குன் கீரையும் போட்டிருந்தார். செடிகள் கொழுத்து நின்றன. தம்பி இளைத்துக்கொண்டே போனான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம் சிங்கள மிஸ் வேனில் வந்தார். கான் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா, அதனால் கிணற்றில் கிருமி சேர்ந்திருக்கிறதா என்று ஆராய்ச்சி. கிணறு கெட்டிருந்தால் மலை ஊற்றிலிருந்து குழாய் போடச் சொல்லி எழுதுவாராம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை விட்டதும் குழாய் வரக்கூடிய வழியைப் பார்க்க மலையேறிவிடுவார். இருட்டிய பிறகுதான் இறங்குவார்.

கான் தண்ணீரை மிஸ்ஸே மொண்டுகொண்டார். குடிநீருக்கு, வீட்டுப் பெயர் ஒட்டிய போத்தல் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தார். "நாளைக்கு காலைல எடுக்கிறது. நீங்க வீட்டுல குடிக்கிற தண்ணி, அப்படியே."

"ஹரி மிஸ்" என்று சரிக்குத் தலையாட்டினாள் அம்மா.

மிஸ்ஸோடு, தோட்டத்துத் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் மிட்வைஃப் நோனாவும் வந்து நின்றதுதான் வினை. மாதாமாதம் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைத் தராசில் போடும்போது நோனா கேட்பார்: "தண்ணி கொதிக்க வச்சுதானே குடுக்கிறது?" எல்லாத் தாய்மாரும் "ஆமா நோனா" என்பார்கள். நனைந்த றப்பர் விறகு எரியாமல் புகைவதும், விடிய முன் மரத்தில் பால் வெட்ட ஓடுகிறவளுக்கு அடுப்பூத நேரமில்லாததும் அந்தப் பதிலில் வருவதில்லை.

அன்று மாலை அம்மா போத்தலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"மிஸ் அப்படியேன்னு சொன்னாங்கம்மா."

"நம்ம பேரு ஒட்டியிருக்கு. அழுக்குத் தண்ணியவா குடுப்பாங்க? கேலி பண்ணமாட்டாங்களா?"

அடுத்த வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, தண்ணி கொதிக்குது?"

"புள்ளைக்கு அக்கா."

"நானும் புள்ளைக்குத்தான் வச்சிருக்கேன்."

பெரியம்மாவின் கடைசிப் பிள்ளை அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றது. அன்று லயம் முழுவதும் கூரைக்குக் கூரை புகைந்தது. அப்பா மலையில் இருந்தார்.

முடிவு வந்தபோது பள்ளிக்கூடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு மூடியிருந்தது. எல்லோரும் பிள்ளைமடுவத்தில் கூடினோம். மிஸ் சிரித்த முகத்தோடு பேசினார்.

"கான் தண்ணி ரொம்ப மோசம். தோட்டத்துக்கு ஊத்த வேணாம். ஆனா குடிக்கிற தண்ணி, எல்லா வீட்டுலயும் ஹரி ஹொந்தய்! நல்ல தண்ணி."

நோனா கை தட்டினார். நாங்களும் தட்டினோம். அப்பா மட்டும் எழுந்தார்.

"அப்ப பைப்பு, மிஸ்?"

"நல்ல தண்ணி இருக்கிற இடத்துக்கு எப்படி பைப் கேக்கிறது?"

"அப்புறம் எங்க சின்னவன் ஏன் மிஸ் இப்படிக் கெடக்கான்?"

"அந்தக் கீரையா இருக்கலாம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா தலைத் துண்டை அவிழ்த்துக் கட்டினாள். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். நோனா அவள் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, நான் சொன்னதக் கேட்டு நடந்ததுக்கு!" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

வேன் போனதும் அப்பா மிளகாய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எங்கள் தண்ணீர் பாஸானதில் எனக்கோ பெருமை தாங்கவில்லை. தம்பி தண்ணீர் கேட்டான். கிணற்றிலிருந்து அப்போதுதான் வந்த வாளியில் ஒரு டம்ளர் மொண்டு அவன் வாயருகே கொண்டுபோனேன். அம்மா பாய்ந்து தட்டிவிட்டாள். டம்ளர் முற்றம் வரை உருண்டது.

"பாஸான தண்ணிதானேம்மா!" என்று அழுதேன்.

செடியும் கையுமாக வாசலில் நின்ற அப்பா அம்மாவைப் பார்த்தார். "போத்தல்ல எந்தத் தண்ணிய ஊத்தின?"

அம்மா பழைய ஜாம் போத்தல் ஒன்றை எடுத்தாள். கழுவவில்லை. வாளியிலிருந்து அப்படியே மொண்டு, மூடியை இறுக்கினாள். சேலைத் தலைப்பில் அதைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு ஓடினாள். வேன் எப்போதோ பெரிய பாதைக்கு இறங்கிவிட்டது.

மிஸ் மறுபடி வருவாரென்று போத்தலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரையும் தொடவிடவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். லொறியாக இருக்கும். திரும்பிப் போவாள். தீபாவளியும் கழிந்தது. தண்ணீர் மெல்லப் பச்சையாகியது.

வாளித் தண்ணீர்தான் என்றாலும், சாமி படத்தருகே இருந்து அது கோயில் தீர்த்தமாகிவிட்டது என்று நான் முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா விளக்கேற்றும்போது, தம்பிக்குச் சுகமாக வேண்டுமென்று அந்தப் போத்தலையும் சேர்த்துக் கும்பிட்டேன்.