மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பதினேழு வருடமாக மாகிரட் டீச்சர், கடதாசியில், மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவின் ஆசிரியை. அப்படியொரு பிரிவு நடந்ததே இல்லை. மூன்றாம் வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளையும் ஒரே அறையில் சுதர்ஷினி டீச்சர் சமாளித்தார். உடற்கல்வியில் பயிற்சி பெற்ற மாகிரட், திருகோணமலைக் கரையோரத்து அந்தச் சின்னப் பாடசாலையின் ஐந்து வகுப்புகளுக்கும் ஓடவும் பாயவும் பழக்கினார். ஆரம்பப் பிரிவில் அந்தப் பாடத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது என்பது விதி. அவரை 'ஆ' பிரிவில் பதிந்து வைத்தது பழைய அதிபர் கண்டுபிடித்த வழி.

போர் முடிந்த கையோடு வந்த பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. முதல்நாள் விசில் ஊதினார். ஷெல் வருகிறதென்று பாதிப் பேர் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அதோடு விசில் அலுமாரிக்குள் போனது. கைதட்டியே விளையாட வைத்தார். வள்ளத்துக் கயிறுதான் பாயும் கயிறு. மூன்று மாதம் ஒற்றைக் காலில் நிற்கப் பயந்த தனுஷிகா ஒருநாள் நொண்டிக் கோட்டைக் கடந்துவிட்டுப் போட்ட கூச்சல் இப்போதும் அவர் காதில் இருக்கிறது.

போன வருடம் சிறுவர் விளையாட்டு விழாவில் பாடசாலைக்கு முதலிடம். புதிய அதிபர் பிரகலாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரியர் விபரப் படிவம் வந்ததும், 'உடற்கல்வி ஆசிரியை: ஒருவர்' என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. மாகிரட் தேவைக்கு மேலதிகமான ஆசிரியை. 'ஆ' பிரிவை உண்மையாகவே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும். இல்லையென்றால் கந்தளாயில் ஒரு பெரிய பாடசாலைக்குப் போய் ஆறாம் வகுப்புக்கு மேலே உடற்கல்வி படிப்பிக்கலாம்.

"உங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வரும் எண்டு நினைச்சன், டீச்சர்," என்றார் அதிபர், தலை குனிந்து.

"வந்திருக்குத்தானே, சேர். முத்திரை குத்தி."

"கண்ணூறுதான் டீச்சர்," என்றாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த யோகம்மா. "ஊர்க் கண் முழுக்க உங்களிலதான். ஒரு தேசிக்காய் வெட்டுங்கோ."

"கண்ணில்லை யோகம்மா, சட்டம். ஆறு வயசில எலும்பு வளருது. வாத்தியார் பதினொரு வயசிலதான் வருவாராம். இதை எழுதினவருக்கு எந்தத் தேசிக்காயை வெட்டுறது?"

"அப்ப கந்தளாய்க்கே போங்கோவன். உங்கட பாடமாவது மிஞ்சும்."

"போனால் இந்தச் சின்னதுகளில ஒண்டும் எனக்கு மிஞ்சாது. இருந்தால் இருபதாவது மிஞ்சும்."

'ஆ' பிரிவுக்குக் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை, நாலாம் வகுப்பு வழமைபோல மைதானத்தில் வரிசையாக நின்றது. சோக்குக் கையோடு மாகிரட் வெளியே வந்தார்.

"டீச்சர், ஏன் கை தட்டேல்லை?" என்று முன்னால் நின்ற அர்ஷாக் கேட்டான்.

"இனி ஏலாது மகன். எனக்கு உள்ளுக்கு வகுப்பு இருக்கு. நீங்கள் உங்கட வகுப்புக்குப் போங்கோ."

புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சித் தாள்கள் அங்கே மேசைமேல் தயாராக இருந்தன. பிள்ளைகள் முணுமுணுக்காமல் போனார்கள். ஒரு சத்தமாவது போட்டிருக்கக் கூடாதா என்று மாகிரட்டுக்கு இருந்தது.