லூயிஸ் காரில் புகுந்த காத்து

ஈப்போ நகரின் சிலிபினில் லூயிஸின் தெருவாசிகள் காலையில் எழ அலாரம் வைப்பதில்லை. லூயிஸ் தன் காரை முடுக்கும் சத்தம் போதும். இருபத்தெட்டு வயதான டீசல் கார் அது. இரண்டு முறை முனகும், மூன்றாம் முறை இருமும், நான்காம் முறை எழுந்துவிட்டதாகப் பாவனை செய்து மறுபடி படுத்துவிடும்.

அறுபத்திரண்டு வயது லூயிஸுக்கு ஈப்போ பேரங்காடி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. ஊரார் கார்கள் ஒரே திருகலில் கிளம்பிப் போவதைப் பகலெல்லாம் நின்று பார்க்கும் உத்தியோகம்.

நோயறிவதில் அவர் குறை வைக்கவில்லை. பேட்டரி என்றார், மாற்றினார். எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் என்றார், நான்கையும் மாற்றினார். பிறகு ஈப்போவின் விடியற்காலைக் குளிர் என்றார். அதை மாற்ற வழியில்லை.

ஒரு திங்கட்கிழமை மனைவி ஆலிஸ் தீர்ப்பு சொன்னார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்பு வாங்கும் லோரி வரும்; அதற்குள் ஒரே முடுக்கில் கிளம்பினால் கார் பிழைத்தது. லூயிஸுக்குக் கார் மேல் அப்படியொன்றும் பாசமில்லை. ஆனால் கார் போனால் பஸ். பஸ் என்றால் நாலரைக்கே எழ வேண்டும். அவர் காப்பாற்றப் போராடியது ஒரு மணி நேரத் தூக்கத்தை.

வியாழக்கிழமை மெக்கானிக் சன்னாசிக்குப் போன் போட்டார். கையெல்லாம் கரி என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் காரின் மேல் வைத்துக்கொண்டார். கோப்பெங் பக்கத்து எஸ்டேட் டிராக்டர்களில் தொழில் பழகிய சன்னாசி அதிகம் பேசுகிறவர் அல்ல. வேலை முடிந்து கிளம்பும்போது கார் எப்படி என்று கேட்டார். அங்கே சமதரை, உடனே கிளம்பும் என்றார் லூயிஸ். வீட்டில்? மேட்டில், காரின் மூக்கை மேலே தூக்கி நிறுத்துகிறேன்.

"காத்து பூந்துருச்சு அண்ணே. ராத்திரியிலதான் உள்ள வருது. சனிக்கெழம வாரேன், வெளியேத்திரலாம்."

டீசல் இரவில் டாங்கிக்கே இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்று நுழைகிறது என்பதே பொருள். ஆனால் சமையலறை ஜன்னலில் நின்ற ஆலிஸின் காதில் விழுந்தது வேறு காத்து. பாகான் செராயில் செத்துப்போன ஒருவரின் குடும்பத்திடமிருந்து வாங்கிய கார் அது. அன்றைக்கே வேண்டாமென்று சொன்னதை ஆலிஸ் தேதியோடு நினைவுபடுத்தினார். இது மூச்சு விடுகிற சாதாரணக் காற்று என்று லூயிஸ் விளக்கினார்.

"எந்தக் காத்தா இருந்தா என்ன? வெளிய போகணும்லா."

வாதாடவும் தூக்கம் தேவை. லூயிஸ் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆலிஸ் அழைத்த ஜெபக்குழு காரைச் சூழ்ந்து நின்றது. தலைவர் கோலின் காரின் முன்பக்கத்தில் கை வைத்து ஜெபத்தைத் தொடங்கியபோது, சன்னாசி ஒரு முழம் ரப்பர் குழாயோடு வந்து சேர்ந்தார். கொஞ்சம் பொறுத்திருக்கும்படி கோலின் கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஒங்க காத்த வெரட்டுங்க பிரதர். நான் என் காத்த வெரட்டுறேன்."

டீசல் போகும் ரப்பர் குழாயில் முடியளவு வெடிப்பு. இளவயதில் எட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்த லூயிஸ், உலகில் எல்லாவற்றையும் சந்தேகித்தவர், ரப்பரை மட்டும் சந்தேகிக்கவில்லை. சன்னாசி குழாயை மாற்றி, ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினார். புஸ்ஸென்று நுரை கொப்பளித்தது. அதைக் கண்ட ஜெபக்குழுவின் குரல் உயர்ந்தது. நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினார். லூயிஸ் சாவியைத் திருகினார்.

ஒரே முடுக்கு.

இரும்பு லோரிக்காரர் மைலோ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

விடுதலை பெற்ற காரை வெறும் காவலாளி ஒருவரைச் சுமக்க விடுவது நியாயமில்லை என்று ஆலிஸுக்குப் பட்டது. கோப்பெங்கில் தினமும் ஐந்து மணிக்கு விடியற்கால ஜெபம். குழுவை ஏற்றிப்போக வண்டி இல்லாமல் இருந்தது. ஆலிஸ் சம்மதித்தார். லூயிஸின் சம்மதத்தைக் கேட்கச் சந்தர்ப்பம் அமையவில்லை. இப்போது அவர் மூன்றரைக்கு எழுகிறார். சாக்குச் சொல்லவும் வழியில்லை. மேட்டில் நிறுத்தினாலும் கார் உடனே கிளம்பித் தொலைக்கிறது.

போன வாரம் சன்னாசியின் கொட்டகைக்குத் தனியாகப் போனார். வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சன்னாசி, அந்தக் காத்த மறுபடி உள்ள வுட முடியுமாலா?"