உபகாரிகளுக்காக ஒரு வெறும் பெட்டி

நான் படித்தது பாளையங்கோட்டையில், கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய ஹைஸ்கூலில். எங்கள் வீட்டிலோ திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட சைவ வீட்டுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் காரணம் பள்ளிக்கூடச் சம்பளம்தான். அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். வயல்கள் அவருக்கு முன்பே போய்விட்டன. வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் என்னை வைத்துக்கொண்டு அம்மா காலம் தள்ளினாள். முழுச் சம்பளம் கட்டிப் படிக்க வக்கில்லை என்று தெரிந்ததும் சாமியார்கள் என்னை அரைச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். மீதி அரை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எங்களை மறக்க விடவேமாட்டார்கள்.

தினமும் சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். உபகாரிகளுக்காகப் பிரார்த்தனை. கிறிஸ்தவ வீட்டு வேதக்காரப் பிள்ளைகள் கைகூப்பி முணுமுணுப்பார்கள். நெற்றியில் பட்டை போட்ட நாங்கள் சும்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும். பசி வயிற்றைக் கிள்ளுகிற நேரம் பார்த்தா நன்றி சொல்லச் சொல்வார்கள்?

அந்த உபகாரிகள் பிரான்சு தேசத்தில் இருந்தார்கள். எங்கள் பெரிய சாமியாரும் அந்த ஊர்க்காரர்தான். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். "அங்கே ஓர் ஏழை மூதாட்டி கோழி முட்டைகளை விற்று இந்தப் பணத்தை அனுப்புகின்றாள், பிள்ளைகளே!" என்று உருகுவார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஏழு தலைமுறையாகப் புலால் தொடாத வம்சம், நான் முட்டைக் காசிலா படிக்கிறேன்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன்.

"முட்டையை நீ தின்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப வாயை மூடிட்டுப் படி."

ஒருமுறை அந்தச் சீமைப் புண்ணியவதிகள் ஒரு பெட்டி நிறையக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருந்தார்கள். வந்து சேர்ந்தது நல்ல பங்குனி வெயிலில். அரைச் சம்பளப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி. செருப்பையே பார்த்திராத கால்களோடு அதை வாங்கிக்கொண்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாதான் கெட்டிக்காரி. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு கொதிக்கிற சோற்றுப் பானையை இறக்கினாள். "சுடவே இல்லலே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். மறுநாள் பிரார்த்தனையில் நான் முதல்தடவையாக மனசாரக் கண்ணை மூடினேன்.

பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. பிரான்சிலிருந்து பணம் வருவது நின்றுபோயிற்று. முட்டைக்காரக் கிழவி உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை என்று பெரிய சாமியார் பிரசங்கத்தில் சொல்லிக் கண் கலங்கினார். எங்களுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணீரை வைத்து வாத்தியார்களுக்குச் சம்பளம் போட முடியாதே. சாமியார் உள்ளூரிலேயே உபகாரி தேடக் கிளம்பினார்.

அப்படி அகப்பட்டவர்தான் அண்ணாச்சி. ஊர் முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடும். எங்களைப் போல் சைவர்தான். நிலாவரை இலை வியாபாரம். செம்மண் காட்டில் விளைகிற அந்த இலையைக் காயவைத்து, சிப்பம் கட்டி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுவார். மலச்சிக்கலுக்கு அதை மிஞ்சின மருந்து கிடையாது என்று வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டிருக்கிறான். சண்டை வந்தும் அண்ணாச்சி வியாபாரம் படுக்கவில்லை. பட்டாளத்துக்காரனுக்கும் வயிறு உண்டல்லவா? ஆக, முட்டையால் நடந்த என் படிப்பு அதற்குப் பிறகு பேதியால் நடந்தது.

அண்ணாச்சி கொடுக்க முன்வந்தது கல்விமேல் உள்ள ஆசையால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஆகாது. தம்பி பக்கத்தில் இருந்த புராட்டஸ்டண்டுக்காரர்களின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். மூன்றாம் நாள் சாமியார் போய் நின்றார். அரைச் சம்பளப் பிள்ளைகளின் மீதிச் சம்பளத்தை மாதாமாதம் தாமே கட்டுவதாக அண்ணாச்சி அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டார். சண்டையால் எங்களுக்குப் போன படிப்பு பங்காளிச் சண்டையால் திரும்பி வந்தது.

இந்த நல்ல காரியத்தைக் கெடுத்தது நன்றிதான். சாமியாரால் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. அதுதான் அவருடைய வியாதி.

கார்த்திகை பிறக்கிற சமயம் சாமியார்கள் வருஷாவருஷம் ஒரு பூசை வைப்பார்கள். இறந்துபோன உபகாரிகளின் ஆத்துமாவுக்காக. மாதா கோவில் நடுவில் சவப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டியை வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. செத்தவர்கள் எல்லாம் பிரான்சில் புதைந்து கிடக்க, இங்கே அவர்களுக்குப் பதிலாக இந்தப் பெட்டி. இது வேதக்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி. உபகாரிகள் பூசைக்கு உயிரோடு இருக்கிற உபகாரி ஒருவர் வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று சாமியார் நினைத்தார். அண்ணாச்சிக்கு அழைப்பு போயிற்று. அவருக்கு விசிறுவதற்கு என்னைப் போட்டார்கள்.

அண்ணாச்சி சரிகை அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு, அத்தர் வாசனை சகிதமாக வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியை வீசினேன். எதிரே, கையெட்டும் தூரத்தில், அந்தப் பெட்டி. பாட்டு தொடங்கியது. லத்தீன் பாட்டு. ஒப்பாரியையே கொஞ்சம் மரியாதையாகப் பாடினால் அப்படித்தான் இருக்கும்.

அண்ணாச்சி முதலில் மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற, கோவில் காரியம் பார்க்கிற உபதேசியாரைப் பையச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"என்னவே, யாரும் தவறிட்டாங்களா?"

"இல்ல அண்ணாச்சி. இது உபகாரிகளுக்காக வச்சது" என்றார் உபதேசியார், பெருமையாக.

"எந்த உபகாரி?"

"நம்ம பள்ளிக்கூடத்து உபகாரிதான்."

அண்ணாச்சிக்குத் தெரிந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே உபகாரிதான் உண்டு. விசிறிக்காற்றையும் மீறி அவருக்கு வேர்த்தது.

"உள்ள யாரு இருக்கா?"

"உள்ள யாரும் இல்ல அண்ணாச்சி. காலிப் பெட்டிதான்."

ஆள் இருந்திருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். ஆள் இல்லை என்றதும் நாற்காலி ஆடியது. அந்த நேரம் பார்த்துத்தானா பெரிய சாமியார் கறுப்பு அங்கியில் இறங்கி வரவேண்டும்? பெட்டியைச் சுற்றி வந்து தண்ணீர் தெளித்தார். அண்ணாச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்து அன்பாகத் தலையைக் குனிந்தார். தெளித்த தண்ணீரில் நாலு துளி அண்ணாச்சியின் சந்தனப் பொட்டில் விழுந்தது.

"என்னை உசுரோட எடுத்துப்போட்டியளேலே!" என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. அண்ணாச்சி வாசலைத் தாண்டிவிட்டார். செருப்பைக்கூடப் போடவில்லை. நேரே ஆற்றுக்கு ஓடி, சரிகை அங்கவஸ்திரத்தோடு முங்கினாராம். ஒரு வாரத்துக்குத் திருநெல்வேலிக் கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. தம்பி மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் கதை சொன்னார்.

நாங்களும் சிரித்தோம், மாதக் கடைசி வரைக்கும். அண்ணாச்சி வீட்டிலிருந்து பணம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன சாமியாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் முழுச் சம்பளம் கட்ட வேண்டும் என்று சாமியார் வகுப்பில் வந்து சொன்னார். அம்மா என் துணியைத் துவைத்து மடித்து வைத்தாள். நாங்குநேரியில் மாமாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. புளி நிறுக்க ஆள் வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கதி அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்பைத் தொடப்போகிற நேரம்.

சாமியாரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அவர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் அண்ணாச்சி வந்து நின்றார். நான் வெளியே போக நகர்ந்தேன். "நில்லுலே. இவரு பேசுத தமிழ் எனக்குப் பாதி புரியாது" என்று என்னை நிறுத்திவைத்தார்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாமி, அந்தப் பெட்டியை வருசாவருசம் வைப்பியளா?"

"ஆம் ஐயா, ஆண்டுதோறும்."

"செத்து எத்தனை வருசம் ஆனாலும்?"

"இந்தப் பள்ளி உள்ளவரையில்."

"அத்தனை பிள்ளையளும் வந்து நிக்குமா?"

"நிற்பார்கள்."

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குப் பிள்ளை கிடையாது சாமி. தம்பி மக்க இருக்கானுவ. சொத்துக்கு வருவானுவ, திதிக்கு வரமாட்டானுவ. அந்தப் பெட்டி செத்துப்போன வெள்ளைக்காரனுவளுக்குன்னு பொறவுதான் சொன்னாவ. அதுலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். முன்னப்பின்னத் தெரியாத வெள்ளைக்காரனுக்கு இத்தனை பிள்ளையள் நிக்குது. நாளைக்கு எனக்கு யாரு நிப்பா? என் காலம் முடிஞ்ச பொறவு என் பேரையும் அந்தப் பெட்டியில சேத்துக்கிடுவியளா?"

நான் எதையும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமியாருக்கு முழுதும் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? என் படிப்பு இந்த மனிதர் நாக்கு நுனியில் இருக்கிறதே!

"ஐயா, தங்களுக்காக நான் தனியே நாள்தோறும் செபிப்பேன். ஆனால் ஞானஸ்நானம் பெறாத ஒருவருக்காக அந்தப் பூசையை வைக்க எனக்கு அனுமதி இல்லை. தங்களிடம் நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

அடப் பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு மெல்ல எழுந்தார். அடிபட்ட முகம். நாங்குநேரிப் புளிமூட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"நான் விடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"என்னத்தலே விடுத?"

"எள்ளும் தண்ணியும். ஆடி அமாவாசைக்கு ஆத்துல எங்கப்பாவுக்கு விடுதேன்லா. அப்ப உங்களுக்கும் சேத்து விடுதேன்."

"ஏலே, நான் உசுரோடல்லா நிக்கேன்!"

"இப்ப இல்ல அண்ணாச்சி. நீங்க செத்த பொறவு."

சாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அறை விழப்போகிறது என்று நானும் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். பாவம் பார்த்துச் சொன்னேனா, புளிமூட்டைக்குப் பயந்து சொன்னேனா என்றால், இரண்டுக்கும்தான். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா இருக்கிறவன் எள்ளும் தண்ணீரும் விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு அப்பா இல்லையாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"அரைச் சம்பளத்துல உன்னை மாதிரி இன்னும் யாரும் இருக்காவளா?"

"பாதிப் பேருக்கு அப்பா இல்ல. அதனாலதான அரைச் சம்பளம்?"

அண்ணாச்சி திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. சாமியார் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எள்ளுத் தண்ணீர் சமாசாரம் அவர் காதில் விழவே இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான்.

"சாமி, பிள்ளையள் சம்பளம் பழையபடியே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. வாசல் வரை போனவர் திரும்பி, "என் செருப்பு எங்கவே?" என்று கேட்டார். உபதேசியார் அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் பத்தாவது முடித்தேன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக வேலையும் கிடைத்தது. சண்டை முடிகிற சமயம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவி வீட்டுக்கு ஒருவரை வாரிக்கொண்டு போயிற்று. அதில் அண்ணாச்சியும் போனார். தம்பி மக்கள் கொள்ளி வைத்தார்கள், பதினாறாம் நாள் வரை பொறுமையாக இருந்தார்கள், பதினேழாம் நாள் சரக்கு வைக்கிற கிட்டங்கியின் சாவிக்கு அடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் நல்ல தண்ணீர். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் விட்டு முடித்தேன். இன்னும் ஒருவருக்கு விடவேண்டும் என்று சொல்லி அண்ணாச்சி பேரைச் சொன்னேன். புரோகிதர் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டாப்பா, விடிஞ்சதுலேர்ந்து இதே பேரைச் சொல்லிண்டு பசங்களா வந்துண்டே இருக்கேள். அவருக்கு எத்தனை பிள்ளைகள்?"

வாக்குக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களிடம் அதை ஒரு கதையாகச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதோடு சரி. யாரையும் வரச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். கீழ்ப்படியில் இரண்டு பேர் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அரைச் சம்பளத்தில் என்னோடு படித்தவர்கள்.

"நிறைய, சாமி" என்றேன்.