ரவுண்டானாவில் அஃப்சர்

அராக் நகரத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவள் அஃப்சர். ஐம்பத்திரண்டு வயது. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி என்னைவிட அகலமான தோள். நான் அவள் தெருவில் டாக்சி ஓட்டுகிறவன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

குளிர் தொடங்கும்போது அவள் கணவர் இனாயத்துக்குப் பக்கவாதம் வந்தது. நாலு மாதமாக மனுஷன் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. வசந்தத்தில் பிறக்கும் எங்கள் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் ஊரில் எவனும் வீட்டுக்குள் கிடக்கமாட்டான். கிடந்தால் வருஷம் முழுக்கப் பீடை. அன்றாவது அவரைப் புல்லில் உட்காரவைத்தே தீருவேன் என்று அஃப்சர் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் காலையில் நானும் அவளுமாக அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பூங்காவுக்குப் போனால் கதவில் பூட்டு.

"குழாய் வேலை நடக்குது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றான் காவலாளி.

"இன்னிக்கு வீட்டுக்கா? உங்க அம்மாகிட்ட போய் இதச் சொல்லு பாப்போம்" என்றாள் அஃப்சர்.

ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் உன் வண்டியில குலுங்கினா இவரு பொணமாத்தான் இறங்குவாரு தம்பி. அதோ புல்லு!"

அவள் காட்டியது எதிரே இருந்த ரவுண்டானாவை. கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயே விட்டாள். கம்பளமும் கீரைக் கஞ்சி அண்டாவும் என் தலையில்.

காவலாளி ஓடி வந்து, நாங்கள் விரித்த கம்பளத்தின் முனையைப் பிடித்தான். "சுருட்டுங்கம்மா. இல்லன்னா எடுத்துட்டுப் போயிருவேன்."

"எடுத்துக்கோ. புல்லையும் பிடுங்கிட்டுப் போ."

இனாயத்தை வெறும் புல்லில் இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பூட்டிய கதவருகே நின்ற குடும்பங்கள் அதைப் பார்த்தன. "கொஞ்சம் நகருங்கக்கா" என்று ஒன்று வந்தது. பின்னாலேயே பத்து வந்தன.

காவலாளி நடுவில் மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு விரிப்பிலிருந்தும் ஒரு தட்டு நீண்டது. மரியாதையை விடமுடியுமா? "உங்க கை நோகாம இருக்கட்டும், வேணாம்மா... எல்லாரும் எழுந்திருங்க! ஐயோ, நெசமா வேணாங்க... காலி பண்ணுங்க!"

"வேலைய விட்டுத் தூக்கினா ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள் அஃப்சர். "துணி வெளுக்க ஆள் வேணும்."

மதியம் மேலதிகாரியின் கார் வந்தது. நிறுத்த இடமில்லை. ஒலிபெருக்கியில் "கலைந்து செல்லவும்" என்று கத்திக்கொண்டே ரவுண்டானாவைச் சுற்றியது. சுற்றுக்கு ஒருமுறை எல்லாரும் தேநீர்க் குவளையை உயர்த்திக் காட்டினோம். நாலாவது சுற்றில் கார் போய்விட்டது.

அஃப்சர் கணவரின் காலுறைகளைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் புல்லில் அழுத்தி வைத்தாள். பொழுது சாயும்வரை அவரும் எழவில்லை, நாங்களும் எழவில்லை.