ஐஸ் அறைக் கதவும் ஜெஸ்லியாவின் கோப்பும்

தங்கச்சி ஜெஸ்லியா லினக்ஸுக்கு எழுதுகிறாள் என்று, தலைமன்னாரில் ஐஸ் அறை வைத்திருக்கும் றம்சீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். என்ன எழுதுகிறாள் என்று கேட்டால் விழிப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒருநாள், ஐஸ் அறைச் சுவரில் அவள் பொருத்திய சின்ன சர்க்யூட் போர்டைக் காட்டி அவளிடமே கேட்டுவிட்டார்.

“இதில எது எங்க இருக்கெண்டு லினக்ஸுக்குத் தானா தெரியாதோ?”

“தெரியாது நானா. கதவு வயர் எங்க, மணி எங்க எண்டு கோப்பில எழுதிக் குடுக்கோணும். அதுதான் என்ர வேலை.” அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

லினக்ஸ், உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் கணினி இயங்குதளம்; அவளுடைய அந்தக் கோப்புக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் திருத்தம் அனுப்பியிருந்தார். அவள் ஏற்றுக்கொண்டால், இதே போர்ட் உள்ள இடமெல்லாம் அது போய்விடும். அதனால் முதலில் நானாவின் போர்டில் போட்டுப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தால் மணி அடிக்க வேண்டும்.

றம்சீன் கதவைத் திறந்தார். சத்தமில்லை. சாத்தினார். மணி அலறியது.

“ஐஸெல்லாம் உருகினாலும் உன்ர மணி நித்திரைதான், புள்ள!”

விசாரித்தால், அனுப்பியவரிடம் இருந்தது அதே போர்டின் புதிய வகை. அதில் கதவு வயர் மறுவளம், தலைகீழ். பழையதைத் தொடாமல் புதியதற்குத் தனிக் கோப்பு எழுதும்படி ஜெஸ்லியா பதில் போட்டாள். அவரும் அப்படியே எழுதி அனுப்பினார். இம்முறை கதவு திறந்ததும் மணி அடித்தது.

“சோதிச்ச ஆளின்ர பேரையும் திருத்தத்துக்குக் கீழ போடுறது வழக்கம். உங்கட பேரைப் போடட்டா, நானா?”

“எல்லா நாட்டுக்காரரும் பாப்பினமோ?”

“ஓம்.”

“அப்ப கொஞ்சம் பொறு, இன்னொருக்காச் சோதிச்சுப் பாக்கிறன்,” என்று றம்சீன் மறுபடியும் கதவைத் திறக்கப் போனார்.